எண்ணெய்த் தொட்டியில் எழுந்த எருமை

மனுசத் தலையைவிட லாரித் தலை அதிகமாக இருக்கிற ஊர் கல்லாங்குத்துப் புதூர். அங்கே பெண் பேசப் போனால் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எத்தனை சக்கரம் என்றுதான் கேட்பார்கள். பத்துச் சக்கரம் என்றால் காபி, பன்னிரண்டு சக்கரம் என்றால் காபியோடு முறுக்கு. அந்த ஊர் பைபாஸ் ஓரத்தில் குப்பணன் என்பவர் லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் ஒன்று நடத்தி வந்தார். ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, அங்கே வேலை பார்க்கும் பாவாயி வழக்கம்போல இரண்டாம் தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளினாள். உள்ளேயிருந்து ஓர் எருமை எழுந்து நின்றது.

“அட கெரகமே! எந்தூட்டு எருமை இது? எவன்டா இதை உள்ள உட்டது?” என்றுதான் பாவாயி முதலில் கத்தினாள்.

யாரும் விடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் அது தோலும் இல்லை, மயிரும் இல்லை. பழைய எஞ்சின் ஆயிலின் அட்டக் கருப்பு, வெயில் பட்ட முதுகில் மட்டும் பச்சையும் ஊதாவுமாக நிறம் நெளிந்தது, கொம்பு இரண்டும் கெட்டிக் கிரீஸ். ஒரு காக்கா வந்து முதுகில் உட்கார்ந்தது, வழுக்கியது, மறுபடி உட்கார்ந்தது, மறுபடி வழுக்கியது, கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் பறந்து போனது. பாவாயி ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்து, “பாதி நாப்பதாம் நம்பர் எஞ்சின் ஆயில், மீதி கியர் ஆயில்” என்றாள். எருமை, செல்ஃப் எடுக்காத லாரி மாதிரி ஒரு முக்கு முக்கிக் கத்தியது. பிறகு மூக்கைத் தண்ணீரில் வைத்து, மேலே மிதந்த எண்ணெய்ப் படலம் முழுவதையும் உஸ்ஸென்று உறிஞ்சிக் குடித்தது. குடித்து முடித்தபோது தொட்டியின் அடித்தளம் தெரிந்தது. பதினோரு வருசத்தில் பாவாயி அந்தத் தளத்தைப் பார்த்ததே இல்லை.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. லாரி கழுவின தண்ணீர் நேரே ஓடைக்குப் போகக் கூடாது, அது சட்டம். முதல் தொட்டியில் மண் அடங்க வேண்டும். ராஜஸ்தான் மணலும் அஸ்ஸாம் சேறும் ஆந்திரா நிலக்கரித் தூளும் அங்கே பக்கம் பக்கமாகப் படுத்துக்கொள்ளும். இரண்டாம் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். அந்த எண்ணெயை நீளக் காம்பு வைத்த தகர அகப்பையால் தினமும் மொண்டு பீப்பாயில் ஊற்றி, லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி வந்து எடுத்துப் போகும்வரை காபந்து பண்ணி, நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாம் தொட்டியில் தெளிந்த தண்ணீர் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும் போகும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. பத்து மில்லிகிராம் என்றால் ஒரு சொட்டில் கால்வாசிகூட வராது.

மொள்ளுகிறது, ஊற்றுகிறது, எழுதுகிறது, எல்லாம் பாவாயிதான். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, எட்டாம் வகுப்பு, கணவன் ஓசூர்ப் பக்கம் போய் ஒன்பது வருசம், மகள் நர்சிங் படிக்கிறாள். தொட்டி வேலையில் அவளுக்கு மேஸ்திரி கிடையாது, ஏவுகிறவர் கிடையாது. நாற்றம் பிடித்த இடம் என்று எவரும் கிட்ட வராததால் அந்த மூன்று தொட்டியும் அவளுடைய சமஸ்தானமாக இருந்தது. அந்தச் சமஸ்தானத்துக்கு ஒரே எதிரி சோப்பாயில். தண்ணீர்த் துப்பாக்கி பிடிக்கும் சடையப்பன், லாரி பளபளவென்று இருக்க வேண்டும் என்று அந்த வழவழத் திரவத்தைக் கேன் கேனாகக் கொட்டுவான்.

“சோப்பு சேந்துச்சுன்னா எண்ணெ மெதக்காதுடா, தண்ணிக்குள்ள போயி மோராட்டம் கலந்துக்கும். மாமியாளும் மருமவளும் ஒண்ணு சேந்துட்ட ஊட்ல புருசன் பொழப்பு என்னாகும்? அந்தக் கதிதான் தண்ணிக்கும்” என்று பாவாயி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே! அதனால் போன ஆயுத பூசைக்கும் போன பொங்கலுக்கும் எடுத்த சாம்பிள் இரண்டும் ஃபெயில். மூன்றாவதும் போனால் கரண்டைப் பிடுங்கிக் கேட்டுக்குச் சீல் வைத்துவிடுவோம் என்று பொல்யூஷன் ஆபீசிலிருந்து கடுதாசி வந்து, குப்பணன் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பதினாலு பேர் சோறு அந்தக் கேட்டுக்கு உள்ளே இருந்தது.

அந்த நேரத்தில் வந்தது எருமை. ஊர் என்றால் கேட்கணுமா? முதல் நாள் வாய் பிளக்கும், மூன்றாம் நாள் வாடிக்கை ஆக்கிக்கொள்ளும். முதல் வாரம் மஞ்சத்தண்ணீரோடு பெண்கள் வந்தார்கள், ஊற்றிய மஞ்சத்தண்ணீர் அதன் மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து பால் சொசைட்டி செக்ரட்டரி கறவை உண்டா என்று விசாரிக்க வந்து, மடியைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவ இடம் தேடினார். மாட்டு டாக்டர் வந்து காதில் பிளாஸ்டிக் வில்லை மாட்டினார், அது வழுக்கி விழுந்தது, மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது, சரி போ என்று நம்பரை நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டு போனார். மாட்டுத் தரகர் ஒருவர் பழக்க தோசத்தில் குப்பணன் கைமேல் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். பஞ்சாப் டிரைவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரேஷன் கடையில் எருமைக்கு ஒரு கார்டு கேட்டால் என்ன என்று ஒரு கோஷ்டி கிளம்பி, என்ன வாங்குவது, மண்ணெண்ணெயைத்தான் நிறுத்திவிட்டார்களே என்று திரும்பி வந்தது. பேர் வைத்தது பாவாயிதான். மசகாயி என்று கூப்பிட்டாள், அது திரும்பிப் பார்த்தது, அதோடு அந்தப் பேர் நின்றுவிட்டது.

ஆவணியில் பொல்யூஷன் மேடம் வந்தார். தாட்சாயணி என்று பேர், சின்ன உருவம், கண்ணாடி, எதற்கும் அசராத முகம். எருமையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மூன்றாம் தொட்டியில் சாம்பிள் எடுத்துப் பார்த்தார், அது பளிங்காக இருந்தது.

“தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க பிளான்ல எருமை இல்லையே?” என்றார்.

“இப்பத்தானுங்க வந்துச்சு” என்றார் குப்பணன்.

“வந்தா வரட்டும். டிராயிங் வேணும். பிளான், எலிவேஷன், செக்ஷன், மூணும் எஞ்சினியர் கையெழுத்தோட குடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தாங்கும்னு எழுதிக் குடுங்க. விஜயதசமிக்கு மறுநாள் வந்து, ஃபுல் லோடுல எப்படி இருக்குன்னு பாத்து, சாம்பிள் எடுப்பேன். அதுதான் கணக்கு.”

பிளான் போடுகிற எஞ்சினியர் டேப்போடு வந்தார். மேலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைந்தார், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைந்தார், செக்ஷன் என்றதும் பேனாவை மூடிவிட்டார். “வெட்டிப் பாத்தாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்கே யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்காதது மட்டுமா? குடிக்கத்தான் எருமை இருக்கிறதே என்று எல்லாருக்கும் குளிர் விட்டுப் போனது. சடையப்பன் எஞ்சினைக் கீழே ஒழுகவிட்டே கழுவினான். சுற்றுவட்டத்து ஒர்க்ஷாப்காரர்கள், வண்டி விபத்தில்லாமல் ஓடினால் மசகாயிக்கு ஐந்து லிட்டர் கழிவு ஆயில் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். எருமை வஞ்சனை இல்லாமல் குடித்தது. புரட்டாசி பிறக்கிறபோது அது ஒரு சின்ன யானை அளவுக்கு வந்துவிட்டது.

பாவாயிக்குத்தான் கை ஓயவில்லை, வேலை ஓய்ந்துவிட்டது. மொள்ளுவதற்கு எண்ணெய் இல்லை, எழுதுவதற்குக் கணக்கு இல்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எருமைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஆயுத பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குப்பணன் வந்து தலையைச் சொறிந்தார். கெட்ட மனுசன் இல்லை அவர், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் அவருக்குச் சம்பளக் கணக்குதான் ஞாபகம் வரும்.

“அம்மிணி, பூசை முடிஞ்சதும் நீ இந்தப் பக்கம் வரவேண்டாம். தொட்டிய மசகாயியே பாத்துக்குது. நீ வேணும்னா டிரைவர்களுக்கு டீ போட்டுக் குடு” என்றார்.

“ஏனுங்ணா, பதினோரு வருசமா நாத்தத்துல நின்னவளுக்கு டீ சட்டியா?”

“கோவிச்சுக்காத. எருமை சம்பளமா கேக்குது?”

பாவாயி அழவில்லை, ஆனால் அன்றைக்கு முழுவதும் மசகாயியோடு பேசவில்லை. சாயங்காலம் மனசு கேட்காமல், “உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, போ” என்று அதன் நெற்றியைத் தடவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆயுத பூசை வந்தது. கல்லாங்குத்துப் புதூரில் அன்றைக்கு உழைக்கிற பொருள் எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. லாரி கழுவணும், ஜாக்கி கழுவணும், ஸ்பேனர் கழுவணும், கால்குலேட்டரைக்கூடத் துணியால் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கணும். விடிந்ததிலிருந்து பைபாஸில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு லாரி நின்றது. பாவாயியைப் பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்கி வரச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் அந்தப் பக்கம் போன பிறகு, ஈர லுங்கியோடு நின்ற சடையப்பனுக்கு ஒரு எண்ணம் வந்தது. “ஏனுங்ணா, இங்க எல்லாரையும்விட அதிகமா உழைக்கிறது யாருங்க? நம்ம மசகாயிதானே? எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சுட்டு, அதை மட்டும் அழுக்கா நிறுத்தறது முறையா?”

யார் மறுப்பார்கள்? குப்பணனுக்கே கண் கலங்கியது. எருமையைச் சரிவுப் பாதை வழியாக மேலே ஓட்டி வந்து, லாரி நிற்கிற மேடையில் நிறுத்தி, முதல் தரமான சோப்பாயிலை நாலு கேன் உடைத்து, நுரைத் துப்பாக்கியால் தலையிலிருந்து வால்வரை, பக்தியோடு, ஒரு இடம் விடாமல் அடித்தார்கள். மசகாயிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, காதை ஆட்டிக்கொண்டு, சுகமாக நின்றது. நின்றபடியே குளம்பு கரைந்தது, முழங்கால் கரைந்தது, வயிறு வெள்ளையாகிச் சரிந்தது, கொம்பு நுரையாகி வழிந்தது. கடைசியாக, ரொம்பத் திருப்தியான ஒரு முகம் மட்டும் கொஞ்ச நேரம் நுரைமேல் மிதந்து, அதுவும் வாய்க்காலில் இறங்கித் தொட்டிக்குள் போய்விட்டது. சந்தனக் கிண்ணத்தோடு நின்றவருக்குப் பொட்டு வைக்க ஒரு நெற்றி இல்லை.

பாவாயி பூசணிக்காயோடு வந்து பார்க்கிறாள், மூன்று தொட்டியும் தளும்பத் தளும்பப் பால்! சுற்றிலும் ஜனம் கைகூப்பி நிற்கிறது. “பால் குடுத்துட்டா எங்காத்தா!” என்று ஒருவர் குரல் தழுதழுக்க, பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “சோப்பு” என்று துப்பினார்.

பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டுப் பாவாயி ஓடின ஓட்டம் இருக்கிறதே! மூன்றாம் தொட்டிக்குள் குதித்து, ஓடைக்குப் போகிற வால்வை இரண்டு கையாலும் திருகி அடைத்தாள். ஒரு சொம்புகூட வெளியே போயிருக்காது. பிறகு மேலே ஏறி வந்தாள். அவள் வாயிலிருந்து வந்ததை எல்லாம் எழுத முடியாது, பூசை நாள்.

குப்பணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாளைக் கழிச்சு மேடம் வராங்களே பாவாயி! சீல் வெச்சுட்டா என்ன பண்றது? ஏதாவது வழி சொல்லு அம்மிணி!”

“எருமையக் கூப்புடுங்க. அதுதானே தொட்டியப் பாத்துக்கும்?” என்றாள் பாவாயி. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அடுத்த நிமிசம் அந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தாள். பதினோரு வருசத்து நாற்றமும், மகள் படிப்பும், சொகுசாகக் காதாட்டிக்கொண்டே கரைந்துபோன அந்த முட்டாள் ஜீவனும் அதற்குள்தான் இருந்தன. டீக்கடைக்கு ஓடி ஐந்து கண்ணாடி டம்ளர் வாங்கி வந்து, ஐந்திலும் அந்தப் பாலை மொண்டு வரிசையாக வைத்தாள்.

ஒன்றில் உப்பு போட்டாள். ஒன்றில் புளி. ஒன்றில் சுண்ணாம்பு. ஒன்றைச் சும்மா விட்டாள். ஐந்தாவது டம்ளருக்கு என்ன போடுவது என்று நிமிர்ந்தபோது, ஆபீஸ் நிலையில் கருப்புக் கயிற்றில் படிகாரக் கல் தொங்கியது. கண் திருஷ்டிக்காக அன்று காலையில்தான் குப்பணன் புதிதாகக் கட்டியிருந்தார். ஏரித் தண்ணீர் கலங்கினால் குடத்துக்குள் படிகாரத்தைச் சுற்றி எடுக்கிற வழக்கம் ஞாபகம் வர, அதில் ஒரு சில்லு உடைத்துப் போட்டு மெதுவாகக் கலக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். அரை மணி நேரத்தில் அந்த டம்ளரில் மட்டும் வெள்ளை திரிந்தது. கரும்பழுப்பு ஆடை மேலே வந்து நின்றது, கீழே தண்ணீர் தெளிந்து டம்ளருக்குப் பின்னால் இருந்த ஆணியின் துரு தெரிந்தது.

“கெடச்சுது!” என்று கத்தினாள். “மூணு தொட்டிக்கும் சேத்து பதினெட்டுக் கிலோ படிகாரம் வேணும். ஓடுங்க!”

சடையப்பன் பூசைச் சாமான் விற்கும் ராவுத்தர் கடைக்கு ஓடினான், வெறுங்கையோடு வந்தான். “ஒரு கல்லு இல்லையாம். பூசைக்கு மொத்தத்தையும் ஊர்க்காரங்க வாங்கிட்டாங்களாம். ஒவ்வொரு வாசல்லயும் ஒவ்வொரு பம்பர்லயும் தொங்குது, போயிக் கேட்டுக்கோன்றாரு.”

புதிதாகக் கட்டின திருஷ்டிப் படிகாரத்தை, அதுவும் ஆயுத பூசை அன்றைக்கு, அவிழ்த்துக் கொடு என்று ஒரு லாரிக்காரரிடம் கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்குப் பதில் ஒரு சக்கரத்தைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார். வரிசையில் நின்ற டிரைவர்கள் பம்பரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். “கண்ணு பட்டுடும் அக்கா, மலைப் பாதையில போற வண்டி” என்றார் ஒருவர். “எம் பொண்டாட்டி கட்டுனது, அவுத்தா ஊட்ல சோறு கெடைக்காது” என்றார் இன்னொருவர்.

பாவாயி லாரி ஏறுகிற மேடைமேல் ஏறினாள். “நல்லாக் கேட்டுக்குங்க. ஊருக் கண்ணு பட்டா உங்க ஒரு வண்டி ஓடாது. பொல்யூஷன் மேடம் கண்ணு பட்டா இந்த ஊரே ஓடாது. ஆயிலக் கொண்டாந்து ஊத்துனப்ப ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா? அது குடிச்சதெல்லாம் எங்க போச்சு? அது வயித்துலதானே இருந்துச்சு! இப்ப எல்லாருது ஆயிலும் இந்தத் தொட்டியில கெடக்குது. அவங்கவங்க ஆயிலுக்கு அவங்கவங்க கல்லு. குடுக்கறவங்க குடுங்க, குடுக்காதவங்க நாளைக்கு வண்டியக் கழுவ காவேரிக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க.”

குப்பணன்தான் முதலில் எழுந்தார். ஆபீஸ் நிலையில் தொங்கிய மிச்சக் கல்லை அவிழ்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டு பாவாயியின் வாளியில் போட்டார். அப்புறம் பொண்டாட்டிக்குப் பயந்த டிரைவர் போட்டார். அப்புறம் பாருங்கள், வாசல் வாசலாக, பம்பர் பம்பராக, டீக்கடை, டயர் கடை, பஞ்சர் கடை, பிள்ளையார் கோயில், பள்ளிவாசல் தெருப் பேக்கரி, பால் சொசைட்டி என்று கருப்புக் கயிறோடும் சிவப்புக் கயிறோடும் படிகாரம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் இருபத்தோரு கிலோ சேர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல்லாங்குத்துப் புதூர் எந்தக் காவலும் இல்லாமல் பச்சை உடம்போடு நின்றது.

விஜயதசமி காலையில் பாவாயி படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, நீள மூங்கிலால் கலக்கச் சொன்னாள். சடையப்பன் வேகமாகக் கலக்கப் போனான், கையில் ஒரு அடி விழுந்தது. “கொழந்தைக்குக் கஞ்சி ஆத்தறாப்ல கலக்குடா. அவசரப்பட்டா மறுபடி மோராயிடும்.” கலக்கி முடித்ததும் அடுத்த உத்தரவு போட்டாள்: தரை அதிரக் கூடாது, சாயங்காலம்வரை ஒரு வண்டியும் ஸ்டார்ட் ஆகக் கூடாது. விஜயதசமி அன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுக்காமல் ஒரு லாரிக்காரர் இருப்பாரா? இருந்தார்கள். ஐயாயிரம் லாரியும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, அதை நசுக்காமல், ஒரு பெண்ணின் தலையசைப்புக்காகக் காத்து நின்றன. அந்த ஊரில் குருவிகளும் உண்டு என்று பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாவாயி மூடியைத் தள்ளிப் பார்த்தாள். வெள்ளை திரிந்து, கருப்பு மேலே ஏறி, கீழே தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. தலையை ஆட்டினாள். ஐயாயிரம் எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின சத்தம் திருச்செங்கோடுவரை கேட்டதாகச் சொல்வார்கள், அந்தப் புளிப்பு வாசனை மூன்று நாள் போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறந்தால் மசகாயி நின்றுகொண்டிருந்தது. இளைத்துத்தான் போயிருந்தது, ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்து எழுந்த முகம். குப்பணன் ஓடி வந்து, “வந்துட்டியா என் தங்கம்! பாவாயி, விடு, இனிமே பத்திரமா வெச்சுக்கலாம்” என்றார். கூடி நின்ற ஜனமும் அதையே சொன்னது.

“வேண்டாமுங்ணா” என்றாள் பாவாயி. லைசென்ஸ் கம்பெனிக்காரருக்கு முந்தின நாளே போன் பண்ணி டேங்கரை வரச் சொல்லியிருந்தாள். “இதை வெச்சிருந்தா நாம மறுபடி ஊத்துவோம், அது மறுபடி குடிக்கும். நம்ம புத்தி நமக்குத் தெரியாதா? எண்ணெய் போற எடத்துக்கு எண்ணெய் போவட்டும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டேங்கர் குழாயை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்து, “வா சாமி” என்றாள்.

மசகாயி அவளைப் பார்த்தது. குழாயை மோந்தது. அவள் உள்ளங்கையை ஒரு தரம் நக்கியது. அப்புறம் மூக்கைக் குழாய்க்குள் விட்டது, மூக்குக்குப் பின்னால் நெற்றி, கொம்பு, கழுத்து, தொந்தி என்று ஒவ்வொன்றாகக் கயிறாகத் திரிந்து உள்ளே போனது. கடைசியாக வால் மட்டும் வெளியே ஆடி, அதுவும் போய்விட்டது. டேங்கர்காரர் கம்பியை விட்டு அளந்து, “ஆயிரத்து நூத்தி நாப்பது லிட்டர்” என்று சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

பத்து மணிக்கு மேடம் வந்தார். மூன்றாம் தொட்டியில் பாட்டிலை முக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். அதற்குள் சூரியனைத் தவிர ஒன்றும் இல்லை.

“எருமை எங்கே?”

“வண்டியேறிப் போயிருச்சுங்க மேடம்” என்று பாவாயி டேங்கர் சீட்டை நீட்டினாள். மேடம் அதை முன்னும் பின்னும் படித்தார், சீட்டு சரியாகத்தான் இருந்தது.

“இந்தத் தொட்டிக்குப் பொறுப்பு யாரு? பேர் எழுதணும்.”

குப்பணன் முன்னால் வந்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “பாவாயின்னு எழுதிக்குங்க மேடம். நாங்கூட அவங்களைக் கேட்டுத்தான் வண்டி கழுவறேன்.” ‘அவங்க’ என்று அவர் சொன்னதைக் கேட்டு பாவாயி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத எண்ணெயை அகப்பையால் மொள்ளத் தொடங்கினாள். லேப் ரிப்போர்ட் ஒரு வாரம் கழித்து வந்தது: லிட்டருக்கு நாலு மில்லிகிராம். ஊர் மொத்தமும் வெடி போட்டது. சோப்பாயில் கேன்கள் எல்லாவற்றையும் சடையப்பனே சுமந்துகொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தான்.

லைசென்ஸ் கம்பெனியில் மசகாயியைக் காய்ச்சி வடிகட்டிப் புது ஆயிலாக டின்னில் அடைத்தார்கள். தையில் அந்த டின்கள் ஊர் ஊராகப் போய், எந்தெந்த லாரியிலோ ஏறி, எந்தெந்தச் சாலையிலோ ஓடின. எங்கே எந்த வண்டியில் ஒரு சொட்டு ஒழுகினாலும் எஞ்சின் எருமை மாதிரி கத்த ஆரம்பித்தது. ஒழுக்கை அடைக்கும்வரை நிறுத்தாது. மெக்கானிக்குகள் கையை விரித்துவிட, யாரோ யாரிடமோ கேட்டு, பாவாயியின் நம்பர் டிரைவர்களிடையே பரவிவிட்டது.

இப்போதும் நாளைக்கு நாலு போன் வரும். இன்றைக்கு மத்தியானம் நாக்பூர் தாண்டி நின்ற ஒரு லாரி. டிரைவர் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை அவனுக்குத் தெரியாது. ஒரு கையில் அகப்பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், பாவாயி தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த முனையில் கேட்கிற கத்தலை ஒரு நிமிசம் உன்னிப்பாகக் கேட்டாள்.

“அடியில எண்ணெ வடிக்கிற டிரெயின் நட்டு லூசு. அரைச் சுத்து முறுக்கு, போதும்” என்று கையால் சுற்றிக் காட்டினாள், அவனுக்குத் தெரியும் என்கிற மாதிரி. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் இரும்பில் உரசியது. கத்தல் நின்றது. பாவாயி போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, டிரைவரிடம் இல்லை, எஞ்சினிடம், “சரி, நான் சொல்லிட்டேன். நீ நடையக் கட்டு, சாமி” என்றாள்.